வலப்பக்கத்து அறை

செங்கல்,
நவம்பர் 20, வியாழக்கிழமை.

அன்புள்ள ஓமனா அக்காவுக்கு,

அடுத்த வீட்டு ஜிஷா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உங்களுக்கும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.

போனில் சொல்ல முடியாததால் காகிதத்தில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்காரி உங்கள் கையில் போனைத் தரும் கொஞ்ச நேரத்தில் கருணாகரன் அண்ணன் பேச வேண்டும், மகள் அனகா பேச வேண்டும். இங்கேயும் அங்கேயும் யாராவது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஷைஜு லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் வேலை செய்யும் கடையிலிருந்துதான் நீங்கள் வேலைக்கு நிற்கும் வீட்டுக்குப் பாலும் காய்கறியும் வருகிறதாம். பையோடு சேர்த்து உங்கள் கையிலேயே தருவதாகச் சொன்னான். "உள்ள என்னவாக்கும் டீச்சரே, லவ் லெட்டரா?" என்று கேட்டான். ஆமாடே, பிரித்தால் கை வெந்து போகும் என்றேன். வாசித்த பிறகு கிழித்துப் போட்டுவிடுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வருஷம் மழை விடுவதாக இல்லை. உங்கள் அடுக்களைக்கு மேலே ஓடு மாற்றியாகிவிட்டது. அண்ணன் ஏறி, நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். அனகா இப்போது மீன் குழம்பு நன்றாக வைக்கிறாள், உப்பு மட்டும் கையில் நிற்பதில்லை. உங்களைவிட உயரம் ஆகிவிட்டாள்.

இனி உங்களுக்கு மறைத்த செய்தி. ஓணப் பரீட்சை சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் சொன்னார் அல்லவா? அது வெறும் காய்ச்சல் இல்லை. சிறுநீரில் கிருமி பிடித்து, குளிர் தூக்கி அடித்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. இப்போது சுகம், பயப்படாதீர்கள். நீங்கள் அழுது லீவு கேட்டு, அந்த வீட்டில் கோபப்பட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அண்ணன் மறைத்தார். பகலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று டாக்டர் கேட்டாராம். பள்ளிக்குக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு சொட்டும் குடிக்க மாட்டேன் என்றாளாம். டாக்டர் அவளைத்தான் திட்டினார். ஏன் குடிப்பதில்லை என்று அவர் கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை. நான் கேட்டேன். மேலே பார்த்துக்கொண்டு, சும்மா டீச்சர் என்றாள். காரணம் எனக்குத் தெரிந்தது படம் வரையும் வகுப்பில்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அவள் பள்ளியில் தமிழ்வழி டிவிஷனுக்கு நான் சித்திரக்கலை டீச்சர், தினக்கூலிக்கு. டைம்டேபிளில் என் பீரியட் உண்டு. ஆனால் அனகாவின் பத்தாம் வகுப்பில் அதைக் கணக்கு டீச்சர் ஸ்ரீகலா எடுத்துக்கொள்வார்கள். "ஜிஷா, படம் வரச்சா ஏ பிளஸ் கிட்டுமா? நீ ஸ்டாஃப் ரூம்ல இருந்து ஒரு சாயா குடி" என்று அன்போடுதான் சொல்வார்கள். ஓணம் கழிந்து அவர்கள் டிரெயினிங்குக்குப் போனார்கள். அப்படித்தான் பிள்ளைகள் என் கையில் கிடைத்தார்கள். படம் வரையுங்கள் என்றால் வகுப்பு முழுக்க ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, தென்னை, ஓட்டு வீடு. ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் அதில் பாதிப் பேர்கூட இல்லை. சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கிற ஊர்க்காரப் பிள்ளைகள் மலைக்கு நடுவில் சூரியனை வைக்கிறார்கள்.

அதையெல்லாம் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, நீங்கள் தினமும் பயன்படுத்துகிற, ஆனால் உங்களுக்குப் பொருந்தாத ஒரு பொருளை வரையுங்கள் என்றேன். எங்கே பொருந்தவில்லை என்று காட்டுங்கள். அளவெடுங்கள். பிறகு அதைப் பொருந்துகிற மாதிரி மாற்றி வரையுங்கள். இதற்குத்தான் டிசைன் என்று பேர், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை என்றேன். பையன்கள் பஸ் படியை வரைந்தார்கள், முழங்கால் இடிக்கும் பெஞ்சை வரைந்தார்கள். அனகாவின் தாளில் குறுக்கே ஒரு கோடு மட்டும் இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "கதவு டீச்சர். கதவு இங்ஙன முடியும். அதுக்குக் கீழ ஒண்ணும் கெடையாது" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பெண்பிள்ளைகளின் கக்கூஸ் கதவு, அக்கா. நீங்கள் அதே பள்ளியில் படித்தவர். உங்கள் காலத்துக் கட்டடம் இப்போது இல்லை. மேடை கட்டுவதற்காக அதை இடித்தார்கள். மேடைக்குப் பளிங்குக் கல் பதித்து, பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய பெண்களை ஒன்று முதல் நான்கு வரை படிக்கிற குழந்தைகளுக்குக் கட்டிய கக்கூஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவு குழந்தைகளின் உயரத்துக்குப் போட்டது. எழுந்து நின்றால் பெண்களுக்குத் தோளுக்கு வரும். கீழே தகட்டைத் துரு தின்று முழங்கால் வரை வெளியே தெரியும். எதிரே சைக்கிள் நிறுத்துகிற இடம். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். பிடிக்கிறவளுக்குப் 'போலீஸ்' என்று பேர். போலீஸுக்குத் தன் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மாதத்தில் அந்த நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை. மலையாளம் டிவிஷன் பெண்களுக்கும் அதே கதவுதான். அதில் மட்டும் நமக்குப் பேதம் பார்க்கவில்லை. டீச்சர்களுக்குத் தனியாகப் பூட்டும் சாவியும் உண்டு.

அனகாவும் நாலைந்து பெண்களும் தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்தார்கள். மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னால் நின்று பார்த்தால் எப்படி, ஒரு மீட்டரைத் தாளில் எத்தனை சென்டிமீட்டராக்குவது என்று நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். பள்ளிக் கண்காட்சிக்கு அதை முழு அளவில் செய்வோம் என்றது அவள். ஃபிரிட்ஜ் வருகிற அட்டைப் பெட்டிகளை உதியன்குளங்கரைக் கடைகளில் கேட்டு வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு அறை செய்தார்கள். இடப்பக்கம் இப்போது இருப்பது, அதே அளவில். வலப்பக்கம் இருக்க வேண்டியது. பேர் எழுதி ஒட்டலாமா என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர், உள்ள கேறி நிண்ணா தெரியும்" என்றாள்.

பேர் எழுதாததில்தான் வினை வந்தது. பி.டி.ஏ. பிரசிடென்ட் ஜெயச்சந்திரன் கண்காட்சியைத் திறக்க வந்தார். இந்தத் தடவை வார்டுத் தேர்தலில் நிற்கிறவர். மடிப்புக் கலையாத வேட்டி, கூடவே படம் எடுக்க ஆள். அட்டை மறைப்பைத் தூரத்தில் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வோட்டுப் போடுகிற மறைப்பைப் பிள்ளைகள் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தேர்தலைத் தவிர வேறு ஒன்றும் அந்த மாதம் அவர் கண்ணில் படவில்லை, பாவம். "ஓஹோ, நமக்க மக்க வோட்டும் படிச்சாச்சு!" என்று சொல்லிக்கொண்டு நேரே இடப்பக்க அறைக்குள் ஏறினார். கதவைச் சாத்தினார். பட்டனை அமுக்குகிற மாதிரி குனிந்தார். நிமிர்ந்து, மேலே தலையை நீட்டி, விரலைக் காட்டினார். கீழே மடித்துக் கட்டிய வேட்டியும் இரண்டு கால்களும். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் பொறுக்க முடியாமல், "சாறே, அது எங்களுக்க கக்கூஸ் ஆக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

நானும் சிரித்தேன், அக்கா. ஒரு நிமிஷம் வயிறு குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை எல்லார் போனிலும் வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் அடியில் ஒரு வரியும் எழுதிச் சேர்த்தார்கள், உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில் அது வேண்டாம். கக்கூஸைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கும் அது வேண்டாம்.

மறுநாள் ஜெயச்சந்திரன் அண்ணனைக் கூப்பிட்டு டிப்பர் சாவியை வாங்கிவிட்டார். "மகளுக்க படம் தீரட்டு கருணாகரா, பொறவு வண்டி ஓட்டலாம்" என்றாராம். அவருடைய வண்டியைத்தான் அண்ணன் ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அனகாவுக்கும் தெரியும். ஆனால் படம் அவரைப் பற்றியது அல்லவே. அவர் தானாக ஏறி நின்றார்.

இப்போது ஹெட்மாஸ்டர் முத்துக்குமாரசாமி சார் ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறார். பள்ளியில் அப்படி ஒரு நிலைமை இல்லை, டீச்சர் வற்புறுத்தியதால் இல்லாததை வரைந்தேன் என்று அனகா எழுதித் தர வேண்டும். அடியில் கார்டியன் கையெழுத்து. கார்டியன் இடத்தில் பள்ளியில் உங்கள் பேர்தான் உண்டு. அண்ணன் போட்டால் போதாதா என்று கேட்டதற்கு, "பின்னால கேள்வி வந்தா நான் பதில் சொல்லணும், அம்மா சம்மதிச்சதா போன்ல என் காது கேட்கச் சொல்லட்டும், அப்புறம் நீ போடு" என்றாராம். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு, பொய்யும்கூட.

நாளைய போனில் அண்ணன் இதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். அடுத்த வாரம், 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது ஹெட்மாஸ்டர் இங்கே உங்கள் வீட்டில் இருப்பார். ஸ்பீக்கரில் போடுவார்கள். ஒன்றும் அறியாமல் நீங்கள் அந்தப் போனை எடுக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

நேற்று இத்தோடு நிறுத்திவிட்டு எழுந்தேன். கோபத்தில் எழுதினால் கை நிற்காது. இன்று பள்ளிக்குப் போனதும் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். திங்கள் முதல் நான் வர வேண்டாம். என்னைப் போன்றவர்களை அனுப்ப நோட்டீஸ் ஒன்றும் தேவையில்லை. அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், சாயா வாங்கிக் கொடுத்தார். "டீச்சர் இளையவங்க, இன்னொரு ஸ்கூல் கிடைக்கும். எனக்கு மார்ச்சோட சர்வீஸ் முடியுது. அந்தக் கதவுக்காக நானே மேலிடத்துக்கு எழுதியிருக்கேன், தெரியுமா?" என்றார். எழுதினீர்களே, பிறகு எப்படி சார் அப்படி ஒரு கதவு இல்லை என்று எழுதி வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். சாயா ஆறுது என்றார்.

ஆகவே என் வேலையை நினைத்து நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அது போய்விட்டது, காகிதம் வந்தாலும் வராவிட்டாலும். இதைச் சொன்னால்தான் மற்றதைக் கேட்க எனக்கு வாய் உண்டு.

அனகாவையும் நேற்று ஆபீஸில் நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஜெயச்சந்திரன், ஹெட்மாஸ்டர், இரண்டு டீச்சர்கள், நடுவில் அவள். அவளே சொன்னாள். "எங்கயாவது அளவு தப்பா இருந்தா சொல்லுங்க சார், திருத்தித் தாறேன். சரியா இருந்தா எப்பிடி இல்லேண்ணு எழுதுவேன்?" என்று கேட்டாளாம். யாரும் எழுந்து போய் அளந்து பார்க்கவில்லை. ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம்.

வீட்டில் அண்ணன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பாரமாக இருக்கிறது. காலையில் எழுந்து, ஓட்ட வண்டி இல்லாமல், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் போனபோது, "பிள்ளே ஜிஷா, நீ எனக்க மகளுக்குப் படம் படிப்பிச்சியா, இல்ல வழக்குப் படிப்பிச்சியா?" என்று கேட்டார். சித்திரை விஷுவுக்கு நீங்கள் மொத்தமாகத் திரும்பி வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். வண்டி இல்லாமல் போனால் அது நடக்காது. அவருக்கு அந்தக் கணக்குதான். அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? வேறு முதலாளியிடம் வண்டி கேட்டாயிற்று. தேர்தல் முடியட்டும் என்கிறார்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள்.

அக்கா, எல்லாரும் இடப்பக்க அறையைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் மகள் செய்த வலப்பக்கத்து அறையை யாரும் பார்க்கவில்லை. சண்டையில் நானும் அதை மறந்துபோனேன். நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். கதவு தலைக்கு மேலே வரை உண்டு. கீழே கழுவி விடத் தண்ணீர் போகிற அளவு இடைவெளி, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு மேலே பட்டை பட்டையாகச் சாய்த்து வைத்த ஜன்னல், வெளிச்சம் வரும், கண் வராது. துப்பட்டா தொங்கவிட ஒரு கொக்கி. துணி போட மூடியுள்ள வாளி, கை எட்டுகிற தூரத்தில். இதெல்லாம் மார்க் போட்டுப் பாராட்டுகிற டிசைன். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு வைத்திருந்தாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கக்கூஸுக்கு ஒன்று போதுமே, கண்காட்சியில் கேட்பார்களே என்றேன். அட்டையை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அம்ம லீவுக்கு வந்தப்ப வந்ததும் சாப்பிடல்ல டீச்சர். ஒவ்வொரு முறியா போய்த் தாழ்ப்பாளப் போட்டுப் போட்டுப் பாத்தா. நான் ஒறங்குற முறிக்கு ஒண்ணுதான் உண்டுண்ணு அப்பாவ விட்டு இன்னொண்ணு வைக்கச் சொன்னா. ஒண்ணு போதாதுண்ணு அம்மைக்குத் தெரியும்."

அது உங்களுக்கு எந்த வீட்டில் தெரிய வந்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. சரி, இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

அவள் தன் மனசில் முடிவெடுத்துவிட்டாள். அம்மா எழுதச் சொன்னால் எழுதித் தருகிறேன், வேறு யார் சொன்னாலும் மாட்டேன் என்கிறாள். ஆகவே ஸ்பீக்கரில் நீங்கள் சொல்லப்போகிற ஒரு சொல்தான் இனி. கையெழுத்துக்குச் சம்மதிக்காதீர்கள் என்று உங்கள் காலைப் பிடித்துக் கேட்கத்தான் எனக்கு ஆசை. மறைக்கவில்லை. ஆனால் அடுப்பு எரிய வேண்டியது உங்கள் வீட்டில். விஷு போய் இன்னொரு விஷு வரை மஸ்கட்டில் அந்த வீட்டில் இருக்க வேண்டியது நீங்கள், நான் அல்ல. அதனால் சம்மதித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. வருத்தம் இருக்கும். உங்கள்மேல் இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எது சொல்வதானாலும் ஹெட்மாஸ்டரிடம் சொல்லாதீர்கள், அண்ணனிடமும் சொல்லாதீர்கள். மகளைக் கூப்பிட்டு மகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எல்லாரும் கேட்கட்டும். எழுதத்தான் வேண்டும் என்றால், நமக்கு வேறு வழி இல்லை மக்களே என்று சொல்லுங்கள். அது அவளுக்குப் புரியும், வாழ்நாளில் இன்னும் பல முறை புரிய வேண்டி வரும். ஆனால் நீ வரைந்தது இல்லாதது என்று உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள். அவள் அளந்து வைத்திருப்பது உண்மை என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

கையெழுத்தைப் பற்றி மட்டும்தான் என்றில்லை. வேறு எதுவானாலும், எப்போதானாலும், பால் வாங்கும்போது ஷைஜுவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், வாறேன் என்று மட்டும் சொன்னால் போதும். டிப்பர் இல்லாவிட்டாலும், விஷு வராவிட்டாலும், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நானும் அனகாவும் வந்து நிற்போம்.

இரவில் பயமில்லாமல் தூக்கம் வரட்டும் உங்களுக்கு.

என்றும் உங்கள் அன்பு,
ஜிஷா